மஹீன் கட்டிய கேஸ் பில்

அத்தியாயம் 14

நஸ்தரன் கத்தவில்லை. மஹீனுக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது அதுதான். முப்பது வயதாகியும் சின்ன விஷயத்துக்கெல்லாம் வீட்டை இரண்டாக்குகிற பெண், அன்று காலை மடிக்கணினியைத் திறந்து எதையோ படித்தாள். மறுபடியும் படித்தாள். "அம்மா, கொஞ்சம் இங்க வா" என்று மட்டும் சொன்னாள்.

மஹீன் கையிலிருந்த ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே வந்தாள். திரையில் ஆங்கிலத்தில் நாலைந்து வரி.

"என்னடி போட்டிருக்கு?"

"கணக்கை மூடிட்டாங்களாம். தடை விதிச்ச நாட்டுல இருந்து உள்ள வந்துட்டேனாம்."

"எந்தக் கணக்கு?"

"என்கிட்ட எத்தனைம்மா இருக்கு? இருந்தது ஒண்ணே ஒண்ணு."

அந்த ஒன்றின் அருமை தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். லிஸ்பனில் குழந்தைகளுக்குக் கார்ட்டூன் படம் எடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு நஸ்தரன் இரண்டு வருடமாகப் பின்னணிக் காட்சிகள் வரைந்து கொடுக்கிறாள். வேலை வருவது, வரைந்தது போவது, சம்பளம் வருவது எல்லாம் ஒரு வெளிநாட்டு இணையதளம் வழியாகத்தான். ஈரான்காரர்களை அந்தத் தளம் வாசற்படி ஏற விடாது. அதனால் கணக்கு, ஜார்ஜியா நாட்டுத் திபிலிசியில் குடியிருக்கும் அத்தை மகன் தாரியுஷ் பெயரில். லிஸ்பன் நிறுவனத்தை நடத்தும் இனேஸ் என்ற பெண்ணுக்கு உள்விவரம் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டாள். போன வாரம் அவளே, "நீ இங்கேயே வந்துவிடு, அழைப்புக் கடிதம் அனுப்புகிறேன்" என்று எழுதினாள். வீட்டில் பச்சை நிறத்தில் பயணப் பெட்டி வாங்கினார்கள். மஹீன் தெருவுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே வராமல் அழுதாள்.

"வேற வழியா அந்தக் கடிதத்தை அனுப்ப முடியாதா?" என்று இப்போது கேட்டாள்.

"கடிதம் மட்டும் போதாதும்மா. ஞாயித்துக்கிழமை டெஹ்ரான்ல தூதரகத்துக்குப் போறப்ப, இவங்ககிட்ட வேலை செஞ்சதுக்கு அத்தாட்சி காட்டணும். அது அந்தக் கணக்குக்குள்ளதான் இருக்கு. வரைஞ்ச படம், அவங்க எழுதினது, எல்லாம் அதுக்குள்ள."

"கேட்டா திறந்துவிட மாட்டாங்களா?"

"அங்க கேக்கறதுக்கு மனுஷங்க இருந்தாத்தானே."

எங்கோ இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கிறார்கள். அதற்கு ஈரானின் ரஷ்த் நகரத்தில் ஒரு பெண் வரைந்த மரங்களையும் கூரைகளையும் பிடித்துப் பூட்டி வைக்கிறார்கள். இதில் யாருக்கு என்ன லாபமோ தெரியவில்லை.

அப்போதுதான் நஸ்தரனின் பார்வை திரையின் மூலைக்குப் போனது.

"விபிஎன் அணைஞ்சு கிடக்கு," என்றாள். "நான் இதை அணைக்கறதே இல்லையே."

மஹீன் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

அந்த ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள தலைவலி இது. உள்ளூர் வங்கிக்கு நீங்கள் ஈரானில் இருந்தாக வேண்டும். இருக்கிற நாட்டை மறைத்து வேறு நாட்டைக் காட்டும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் வங்கிப் பக்கம் திறக்காது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு நீங்கள் ஈரானில் இருக்கவே கூடாது. விபிஎன்னை அணைத்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு நாளைக்குப் பத்து முறை நாட்டைவிட்டுப் போய்ப் போய்த் திரும்பி வருகிறார்கள். ஒருமுறை வந்த இடத்திலேயே மறந்து இருந்துவிட்டால் தீர்ந்தது.

நேற்று சாயங்காலம் நஸ்தரன் குளிருக்கு பூட்ஸ் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். கேஸ் பில்லுக்குக் கடைசி நாள். கட்டச் சொல்லி நவீத்திடம் ஒரு வாரமாக முட்டிக்கொண்டும் பலனில்லை. ஹீட்டர் இல்லாமல் அந்த ஈரக் குளிரில் ஒரு ராத்திரி தாங்காது. மஹீனின் பழைய போனில் வங்கிப் பக்கம் திறக்கவில்லை. மகளின் மடிக்கணினியில் உட்கார்ந்து, அவள் எப்போதோ சொல்லிக் கொடுத்தபடி விபிஎன்னை அணைத்து, பில்லைக் கட்டினாள். 'கட்டப்பட்டது' என்று வந்தது. அந்த நேரம் பார்த்து அடுப்பில் சோறு அடிபிடிக்கிற வாசனை. எழுந்து ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில் மூடியைச் சாத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் நவீத் கண்ணைக் கசக்கிக்கொண்டே அறையிலிருந்து வந்தான்.

இருபத்து நாலு வயது. மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கடையில் இல்லாத நேரமெல்லாம் இணையத்தில் யாரையாவது சுட்டுக்கொண்டிருப்பான்.

"என் கம்ப்யூட்டரைத் தொட்டியா?" என்றாள் நஸ்தரன்.

"நானா? இல்லையே."

"விபிஎன் இருந்தா கேம் இழுக்குதுன்னு அணைப்பியே. போன ரமலான்ல கையும் களவுமா பிடிச்சேனே."

"அது அப்ப. நேத்து நான் அந்தப் பக்கமே போகல."

"அப்ப தானா அணைஞ்சுதா? இந்த வீட்ல வேற யாருக்கு இதெல்லாம் தெரியும்? அம்மாவுக்கா?"

மஹீன் ரொட்டித் துணியை மறுபடி அவிழ்த்து மறுபடி சுற்றினாள்.

"அக்கா, சத்தியமா நான்..." என்றபடி நவீத் போனை எடுத்தான். நேற்று எங்கே இருந்தேன் பார் என்று எதையோ காட்டத்தான் எடுத்திருப்பான். விரல் திரையில் பாதியில் நின்றது. அப்பா இறந்த பிறகு கேஸ் இணைப்பு அவன் பெயருக்கு மாறியிருந்தது. பில் கட்டினால் குறுஞ்செய்தி அவனுக்குத்தான் வரும். அதைப் படித்தான். தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தான்.

அம்மா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"சரி," என்றான் நவீத். "நான்தான். கடையைச் சாத்திட்டு வந்து கொஞ்ச நேரம் ஆடினேன். திரும்பப் போட மறந்துட்டேன்."

நஸ்தரன் எழுந்து நின்றாள். "ராத்திரி பகல்னு பார்க்காம வரைஞ்சேன் நவீத். கழுத்து வலியில ஊசி போட்டுக்கிட்டு வரைஞ்சேன். உன் அஞ்சு நிமிஷ ஆட்டத்துக்கு அதெல்லாம் போச்சு. என் மூஞ்சில முழிக்காத. போயிடு."

அவன் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டான். மஹீன் வாசல்வரை பின்னாலேயே ஓடினாள்.

"ஒரு வாய் சாப்டுட்டுப் போடா."

"பசிக்கலம்மா." அவன் குனிந்து ஷூ மாட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ சொன்ன அன்னைக்கே நான் பில்லைக் கட்டியிருக்கணும்" என்றான். குடை எடுக்காமல் படியிறங்கி மழைக்குள் போய்விட்டான்.

பெற்ற பிள்ளை தன் பழியைச் சுமந்துகொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற தாயை என்னவென்று சொல்வது? மஹீன் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். பில் கட்டியதை மட்டும் சொல்வதென்றால் சொல்லித்தான் இருப்பாள். மறதி யாருக்கில்லை? நஸ்தரன் ஒரு நாள் கத்துவாள், மறுநாள் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

ஆனால் இன்னொன்றும் இருந்தது. மிட்டாய் கொடுத்த அன்றே, கீழ்வீட்டு பத்தூல் அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இமாமின் சகோதரி அடக்கமான தர்காவுக்குப் போனாள். சமாதியைச் சுற்றியிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நேர்ந்துகொண்டாள். இந்தப் பயணம் மட்டும் நின்றால், ஒரு பெரிய பானை நிறையக் குங்குமப்பூப் பாயசம் காய்ச்சித் தெருவுக்கே கொடுக்கிறேன். கணவன் போய்விட்டான், மகளும் போய்விட்டால் எனக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது? அப்படித்தான் கேட்டாள், கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவளிடம்.

கேட்டது நடந்துவிட்டது. நடத்தியது அவளுடைய விரல். இதை எந்த வாயால் மகளிடம் சொல்வது?

* * *

மதியத்துக்கு முன்னால் நஸ்தரன் சமையலறைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தாலும் குரல் தெளிவாக இருந்தது.

"ஒரு வழி இருக்கும்மா. கணக்கு யார் பேர்ல இருக்கோ அவர் சாயங்காலத்துக்குள்ள கேமரா முன்னாடி உக்காந்து, ஜார்ஜியா அடையாள அட்டையைக் காட்டி, 'நான் இங்கதான் இருக்கேன், ஊருக்கு வந்தப்ப தெரியாம திறந்துட்டேன்'னு சொன்னா மறுபரிசீலனை பண்ணுவாங்களாம். தாரியுஷுக்கு மூணு தடவை எழுதிட்டேன். பார்த்திருக்கான், பதில் இல்லை. நீ பேசினா கேப்பான்."

"நானா?"

"நீதானே அவனைத் தூக்கி வளர்த்த. எனக்காகப் பேசும்மா."

மகள் அறைக்குப் போனதும் மஹீன் போனை எடுத்தாள். இது அல்லா கொடுத்த வாய்ப்பு என்று தோன்றியது. உடைத்த கையாலேயே ஒட்டிவிடலாம்.

தாரியுஷ் உடனே எடுத்தான். மாமியின் உடம்பை, மாமியின் முட்டி வலியை, நவீத்தின் கடையை, ரஷ்தின் மழையைக்கூட நலம் விசாரித்தான்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்ப்பா. கேக்க வெட்கமா இருக்கு."

"உயிரையே கேளுங்க மாமி."

மஹீன் விஷயத்தைச் சொன்னாள். 

"தலைமேல வெச்சு செய்யறேன் மாமி," என்றான் தாரியுஷ். "ஆனா பாருங்க, இங்கயும் இப்பப் பேர்ல ஈரான் வாசனை அடிச்சாலே பேங்குல நூறு கேள்வி. என் கூட்டாளி கணக்கைப் போன மாசம் முடக்கிட்டாங்க. எனக்கும் ரெண்டு குழந்தைங்க. அதுக்காக மாட்டேன்னு சொல்வேனா? உங்களுக்காக என் கண்ணையே எடுத்துத் தருவேன்."

அந்த ஊர் மரியாதை அப்படி. செய்கிறவன் சுருக்கமாகச் 'சரி' என்பான். உயிர், தலை, கண் என்று உறுப்பு உறுப்பாக எடுத்து வைக்கிறவன் தயங்குகிறான் என்று அர்த்தம். அப்படி வைக்கும்போது எதிராளி, "வேண்டாம்ப்பா, உனக்கு எதுக்கு சிரமம்" என்று சொல்லியாக வேண்டும். அவன், "சிரமமா, எனக்கா" என்று மறுக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்று இப்படிப் போய்வந்த பிறகுதான் காரியத்துக்கு வருவார்கள். டாக்ஸிக்காரன்கூட முதலில், "உங்களுக்கு இலவசம்" என்றுதான் சொல்வான். யாரும் அதை நம்பி இறங்கிப் போய்விடுவதில்லை. மஹீன் பிறந்ததிலிருந்து பழகிய ஆட்டம் இது.

"உனக்கு வில்லங்கம்னா வேண்டாம்ப்பா," என்றாள்.

"சரி மாமி," என்றான் தாரியுஷ். "நீங்களே சொல்லிட்டீங்க. உங்க பேச்சை நான் என்னைக்குத் தட்டியிருக்கேன்?"

போனை வைத்துவிட்டான். வெளிநாட்டுக்குப் போய் எதைக் கற்றானோ இல்லையோ, மரியாதையை எந்தச் சுற்றில் நிறுத்தினால் தனக்கு நல்லது என்று கற்றிருந்தான்.

மஹீன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மறுபடி கூப்பிட்டு, "இல்லடா, நீ செஞ்சுதான் ஆகணும்" என்று சொல்லியிருக்கலாம். கெஞ்சியிருக்கலாம். கூப்பிடவில்லை. அவ்வளவு வெளிப்படையாகக் கேட்டுப் பழக்கமில்லாத வாய்தான் காரணமா, அல்லது நேற்று விரல் செய்ததை இன்று நாக்கும் செய்ததா? அவளுக்கே தெரியவில்லை. தெரியாததுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"என்ன சொன்னான்?" உள்ளேயிருந்து நஸ்தரன் கேட்டாள்.

"தலைமேல வெச்சு செய்யறேன்னான்."

அவன் சொன்னதுதானே. பொய்யில்லை. பொய்யில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

* * *

பிற்பகலில் மழை வலுத்தது. படிக்கட்டில் ஏதோ கனமான பாத்திரம் சுவரில் இடித்துக்கொண்டே வருகிற சத்தம். மஹீன் கதவைத் திறந்தாள். கீழ்வீட்டு பத்தூல் அக்கா மூச்சு வாங்க நின்றாள். இரண்டு கையாலும் அணைத்தபடி ஒரு பெரிய செம்புப் பானை.

"கொஞ்சம் பிடி மஹீன். உன் படியில ஏறினா நேரா சொர்க்கத்துலதான் இறங்கணும் போலிருக்கு."

"அக்கா, இப்ப எதுக்கு இது? அப்புறமா..."

"அப்புறம் என்ன அப்புறம்? நவீத் கடை வாசல்ல நனைஞ்ச கோழியாட்டம் நிக்கிறான். என்னடான்னு கேட்டேன், அக்கா பயணம் நின்னுபோச்சுங்கறான். எனக்கு அப்படியே மயிர்க்கூச்செறிஞ்சுது. எவ்வளவு சீக்கிரம் கேட்டிருக்கா பாரு அந்தப் புண்ணியவதி. நேர்ச்சையைத் தள்ளிப் போடாத. அது கழுத்துல கிடக்கற பாரம். அரிசி நான் தரேன், குங்குமப்பூ மட்டும் நீ நல்லதா வாங்கு."

மஹீன் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பத்தூல் அக்காவுக்கு அது நன்றியாகப் பட்டது.

"எந்த நேர்ச்சை?"

நஸ்தரன் அறை வாசலில் நின்றிருந்தாள்.

"உனக்குச் சொல்லலையா கண்ணு?" பத்தூல் அக்கா சிரித்தாள். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாத சிரிப்பு. "நீ இங்கயே இருக்கணும்னு உங்கம்மா கம்பியைப் பிடிச்சிட்டு அழுத அழுகை இருக்கே, பார்க்கறவங்களுக்கே வயிறு எரிஞ்சுது. பெத்தவ மனசு. நீ போகலைன்னா பாயசம் காய்ச்சறேன்னு நேர்ந்துக்கிட்டா."

பத்தூல் அக்கா ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தாள். பானையை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"அடுப்புல பால் வெச்சுட்டு வந்தேன்," என்று சொல்லிவிட்டு, வந்ததைவிட வேகமாக இறங்கிப் போனாள்.

நஸ்தரன் பானையைப் பார்த்தாள். பிறகு அம்மாவை.

"நவீத் இல்லை. அப்படித்தானே?"

"இல்லை. நான்தான்." என்றாள் மஹீன். "கேஸ் பில் கட்ட. நேத்துதான் கடைசி நாள். சத்தியமா பில் கட்டத்தான் அணைச்சேன். சோறு பிடிச்ச வாசனை வந்துது, ஓடிப் போனேன், திரும்பப் போட மறந்துட்டேன். உங்கப்பா மேல ஆணை."

"நேர்ந்துக்கிட்டது எந்த பில்லைக் கட்டம்மா?"

மஹீன் திறந்து கிடந்த வாசற்கதவைச் சாத்தினாள்.

"மிட்டாய் குடுத்தியே. எல்லார்கிட்டயும் என் பொண்ணு லிஸ்பன் போறான்னு சொன்னியே. எனக்குப் பெட்டி வாங்க நீதானே கூட வந்த. பச்சை எடுத்துக்கோ, தொலையாதுன்னு சொன்ன."

"அதுவும் நிஜம்தான்டி. ரெண்டும் நிஜம்தான்."

அப்போது நஸ்தரனின் போனில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு கணம் நம்பிக்கை வந்ததை மஹீன் பார்த்தாள். அது போனதையும் பார்த்தாள்.

"தாரியுஷ்," என்றாள் நஸ்தரன். படித்தே காட்டினாள். "'மாமியே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அதனால விட்டுட்டேன். தப்பா எடுத்துக்காத.'"

"நான் மரியாதைக்குச் சொன்னேன். அவன் மறுப்பான்னு நினைச்சேன். எல்லாரும் சொல்றதுதானே..."

"எல்லாரும் சொல்றதுதான்."

"நஸ்தரன், நான் சொல்றதைக் கேளு. நீ இருக்கணும்னு நேர்ந்துக்கிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா உன்னைக் கெடுக்கணும்னு என் கை எதையும் செய்யல."

"உன் கை செய்யல, உன் வாய் செய்யல. சரிம்மா. எல்லாம் தானா நடந்துது. நான்தான் போகாம நிக்கிறேன்."

கத்தியிருந்தால் மஹீன் தாங்கியிருப்பாள். மகள் வரவேற்பறை ஜன்னலுக்குப் போய் போனைக் காதில் வைத்தாள். "நவீத், வீட்டுக்கு வாடா," என்றாள். "நீ இல்லைன்னு தெரிஞ்சுது. நான் பேசினது எல்லாம் தப்பு. நனையாத, டாக்ஸி பிடிச்சு வா." அந்தக் குரலில் இருந்த ஈரம், சமையலறை வாசலில் நின்ற தாய்க்கு இல்லை.

மடிக்கணினியிலிருந்து ஒரு சின்ன ஓசை வந்தது. நஸ்தரன் போய்க் குனிந்து பார்த்தாள். மூடிய கணக்கிலிருந்து வந்ததல்ல அது. இனேஸ் தன் சொந்த முகவரியிலிருந்து எழுதியிருந்தாள். பெயரை மட்டும் மஹீனால் தூரத்திலிருந்து படிக்க முடிந்தது. கடிதம் நீளமானது. நஸ்தரன் கடைசிவரை நின்றபடியே படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறந்த நாளிலிருந்து அந்த முகத்தைப் படித்துக்கொண்டிருந்தவளுக்கு அன்று ஓர் எழுத்தும் புரியவில்லை.

"என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள்.

நஸ்தரன் மூடியைச் சாத்தினாள். மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எதுக்குக் கேக்கற? இன்னொரு நேர்ச்சைக்கா?"

பானையைச் சுற்றிக்கொண்டு நடந்து தன் அறைக்குள் போனாள். கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. மஹீன் அங்கேயே நின்றாள். மகள் திறப்பாள், எதையாவது மறந்து வைத்துவிட்டுத் திரும்ப வருவாள், எப்போதும் அப்படித்தான்.

உள்ளேயிருந்து பூட்டு திரும்புகிற சத்தம் கேட்டது. அந்தக் கதவுக்கு ஒரு சாவி இருப்பதே மஹீனுக்கு அன்றுதான் தெரிந்தது.